இருமல் பொத்தான்

குவோப்பியோ, காலை ஆறு மணி.
பூச்சியத்துக்குக் கீழே பத்தொன்பது டிகிரி.
வர்ணனையாளர் கூண்டுக்குள் பெட்டியைத் திறக்கிறேன்.
கையுறையைக் கழற்றினால் உலோகம் விரலைக் கவ்வுகிறது,
கழற்றாவிட்டால் திருகு நழுவுகிறது.
ஒரு கையுறை கையில், ஒன்று பல்லிடுக்கில்:
என் வேலையில் பாதி இந்தக் கோலத்தில்தான்.

முதலில் மைக்.
ஓர்வோக்கிக்குத் தணிந்த குரல்,
தாவல் தொடங்கினால் மட்டும் கூரையில் போய் இடிக்கும்.
அந்த இடிக்கு இடம் விட்டே அளவு வைக்கிறேன்.
ஊசி மஞ்சளில் நடக்கலாம்,
சிவப்பில் கால் வைக்கக் கூடாது.

இடது காதில் ஹெல்சிங்கியிலிருந்து இயக்குநர்.
வலது காதில் மலை:
காற்று, மணி, பனித்தடத்தில் மட்டைகளின் உரசல்.
இரண்டுக்கும் நடுவே அவள் குரலே அவளுக்குக் கொஞ்சம்,
கறிக்கு உப்பு மாதிரி.
கூடினால் தன்னையே கேட்டுக்கொண்டு நின்றுவிடுவாள்,
குறைந்தால் கத்துவாள்.

தலைநகரிலிருந்து திரும்பி வரும் கம்பியில்
எல்லோருடைய ஒலியும் உண்டு, அவளுடையதைக் கழித்து.
கழிக்க மறந்தால்
சொன்ன சொல் அரை நொடி தாமதித்து வந்து
அவள் நாக்கையே இடறிவிடும்.
தான் இல்லாத உலகம் எப்படி இருக்கும் என்று
அறிய விரும்புகிறவர்கள்
இங்கே காது வைக்கலாம்.
நன்றாகத்தான் இருக்கிறது.
யாரோ பேட்டரி கேட்கிறார்கள்.

இனி பொத்தான்கள்.
சிவப்பு: ஒலி வெளியே போகிறது.
மஞ்சள்: இயக்குநரோடு மட்டும் பேச.
கறுப்பு: இருமல். அழுத்தியிருக்கும்வரை மைக் ஊமை.
போன வருடம் மஞ்சளை அழுத்தியதாக நினைத்து
"இந்தக் காபியில் மட்டைக்கு மெழுகு பூசலாம்" என்றாள்.
நாடே கேட்டது.
காபிக் கம்பெனி ஒரு பெட்டி நிறைய அனுப்பியது,
கோபமா அன்பா தெரியவில்லை.
அதிலிருந்து கறுப்பின் மேல் ஒரு துண்டுக் கம்பளி ஒட்டுகிறேன்,
கண் மலையில் இருக்கும்போது
விரல் தானே தேடிக்கொள்ளட்டும் என்று.

மதியம் காற்று புரண்டது.
பதினேழாம் எண், ஈலரி ரேசனென், பத்தொன்பது வயது,
மூன்று முறை கம்பியில் உட்கார்ந்தான்,
மூன்று முறை இறக்கிவிட்டார்கள்.
அத்தனை நேரத்தையும் ஓர்வோக்கி பேசி நிரப்பினாள்:
அவன் அப்பாவின் படகுப் பட்டறை,
அவனுக்கு ராசியான கிழிந்த காலுறை,
காற்றைப் பற்றி எட்டு விதமாய்.
நான்காம் முறை பச்சை.

பறந்தான். பாதி மலைவரை ஒரே கோடு.
பிறகு இடது மட்டை மட்டும்
வேறெங்கோ போக முடிவெடுத்தது.

ஊசி விழுந்தது.
கேபிள் போய்விட்டது என்று பாய்ந்தேன்.
இல்லை. அவள் கட்டைவிரல் கம்பளியின் மேல்.
பேசு, என்றார் இயக்குநர், என் காதிலும்.
ஓர்வோக்கி, பேசு. ஏதாவது பேசு.

அவள் இருமவில்லை.
கூண்டின் கண்ணாடியில் அவள் மூச்சு
வட்டமாய்ப் படிந்தது, சுருங்கியது, படிந்தது.
நாடெங்கும் மலை மட்டும் ஒலித்தது,
பிறகு பனியில் ஓடும் பூட்ஸ்கள்.
பதினோரு நொடி.
எண்ணினேன். தொழில் அது.

கீழே ஒரு கை உயர்ந்தது.
விரலை எடுத்தாள்.
"கையைத் தூக்குகிறான்."
அவ்வளவுதான் சொன்னாள்,
ஊசி மஞ்சளை எட்டவில்லை.

இரவு இயக்குநர் என்னை அழைத்தார்.
பதினோரு நொடி என்ன ஆயிற்று?
உறைபனி, என்றேன். பொத்தான் ஒட்டிக்கொண்டது.
பெட்டியை மாற்று, என்றார்.
மாற்றுகிறேன், என்றேன்.

கேபிளை எட்டு வடிவில் சுற்றி மாட்டினேன்.
பராமரிப்புத் தாளில் கறுப்புக்கு நேரே
"நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
அவள் விட்டுப்போன கோப்பையில் காபி கட்டியாகியிருந்தது.
கம்பளி ஒரு ஓரம் பிய்ந்திருக்கிறது.
நாளை பன்னிரண்டு மணிக்குத் தகுதிச் சுற்று.
பசை வாங்க வேண்டும்.